வன்னி வெயிலும் பிறசர் குளிசையும்: அஞ்சியோடென்சின் உடம்பில் செய்யும் வேலை

பிறசருக்குக் கிளினிக் போகும் யாராவது வீட்டில் இருந்தால் அவர்களுடைய கொப்பியை ஒருமுறை திறந்து பாருங்கள். லொசார்டன் அல்லது எனலாப்பிரில் என்ற பெயர் அதில் இருக்க நிறைய வாய்ப்புண்டு. கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ மாங்குளத்திலோ விடியவே பஸ் ஏறிப் போய், நம்பர் எடுத்து, வாங்கில் குந்தியிருந்து கொண்டுவரும் குளிசை அது. என்ன செய்யும் என்று கேட்டால் "பிறசரைக் குறைக்கும்" என்பார்கள். சரிதான். ஆனால் உடம்பில் அது எதைப் பிடித்து நிறுத்துகிறது என்பதை அனேகமாக யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். வாசல் நிறைய ஆட்கள் காத்திருக்க, ஒவ்வொருவராகப் பார்த்து அனுப்பும் டொக்டருக்கு அதற்கு நேரமும் கிடைப்பதில்லை.

இரண்டு குளிசையும் குறிவைப்பது ஒரே ஓமோனைத்தான். அதன் பெயர் அஞ்சியோடென்சின் 2. எட்டு அமினோ அமிலங்கள் வரிசையாகச் சேர்ந்த ஒரு சிறு பெப்டைட்டு. குருதிக் குழாய்களைச் சுருக்குவதற்கு உடம்பு தானே உண்டாக்கும் பொருட்களில் மிகவும் வலிமையானவற்றுள் ஒன்று. எனலாப்பிரில் அது உருவாவதைத் தடுக்கிறது. லொசார்டன், அது போய் ஒட்டி வேலை செய்யும் இடத்தை முந்திக்கொண்டு பிடித்துவிடுகிறது.

இந்த ஓமோன் உடம்புக்கு எதிரி இல்லை. தண்ணீரும் உப்பும் குறையும் நேரத்தில் உயிரைக் காப்பதற்காகவே அது இருக்கிறது. வன்னியில் ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழைதான் வருடத்தின் பெருமழை. வைகாசியிலிருந்து புரட்டாதி வரை நிலம் காய்ந்து கிடக்கும், காற்றும் சுடும், அந்த மாதங்களிலும் வயலிலும் தோட்டத்திலும் வீதியிலும் ஆட்கள் வேலை செய்தாக வேண்டும். ஆக, இந்த ஓமோனுக்கு அதிகமாக வேலை வரும் உடம்புகள் வன்னியில் உண்டு. அதே உடம்புகளில் பலவற்றுக்கு அதைத் தடுக்கும் குளிசையும் தினமும் போகிறது. பெரும்பாலான நாட்களில் அது நன்மைதான். சில நாட்களில் ஆபத்து. எந்த நாள் எது என்று பிரித்தறிய, அஞ்சியோடென்சின் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

வேர்வை போகும் உடம்பில் நடப்பது

ஆவணி மாதத்தில் ஒட்டுசுட்டான் பக்கம் கச்சான் பிடுங்கும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அல்லது முகமாலையில் முகமறைப்பும் கனத்த மேலங்கியும் போட்டுக்கொண்டு, முழங்காலில் நின்று கண்ணிவெடி அகற்றிய பெண்களை நினைத்துப் பாருங்கள். கடும் வெயிலில் கடும் வேலை செய்தால் மணிக்கு ஒரு லீற்றர் அளவுக்கு வேர்வை போகலாம். வேர்வையோடு உப்பும் போகிறது. குடிப்பது அதற்கு ஈடாகாதபோது, குழாய்களில் ஓடும் குருதியின் அளவு குறையத் தொடங்கும்.

அதை முதலில் கண்டுகொள்ளும் இடங்களில் ஒன்று சிறுநீரகம். இதயம் வெளியே தள்ளும் குருதியில் ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குத்தான் போகிறது. உள்ளே நுழையும் மிக நுண்ணிய நாடிகளின் சுவரில் இருக்கும் சில கலங்கள் அமுக்கம் குறைவதை உணரும். வடிகட்டிய நீரில் உப்பு குறைவதை உணர்ந்து அவற்றுக்குத் தகவல் கொடுக்கும் கலங்களும் அருகிலேயே உண்டு. அமுக்கம் விழுந்தால், உப்பு குறைந்தால், அல்லது நரம்பு வழியே அவசரச் செய்தி வந்தால், அந்தக் கலங்கள் ரெனின் என்ற நொதியத்தைக் குருதிக்குள் விடும்.

ரெனின் தானாக எந்தக் குழாயையும் சுருக்குவதில்லை. ஈரல் உண்டாக்கி அனுப்பிய ஒரு பெரிய புரதம் எந்த நேரமும் குருதியில் சுற்றிக்கொண்டிருக்கிறது. ரெனின் அதன் நுனியிலிருந்து பத்து அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டை வெட்டி எடுக்கும். அதுதான் அஞ்சியோடென்சின் 1. அதற்கும் பெரிதாக வலிமை கிடையாது. குருதி நுரையீரலைக் கடக்கும்போது, அங்குள்ள நுண்குழாய்களின் உட்சுவரில் இருக்கும் இன்னொரு நொதியம் கடைசி இரண்டு அமினோ அமிலங்களையும் கத்தரித்துவிடுகிறது. மிஞ்சும் எட்டுத்தான் அஞ்சியோடென்சின் 2. ஈரலில் மூலப்பொருள், சிறுநீரகம் அனுப்பும் ரெனினால் முதல் வெட்டு, நுரையீரலில் இரண்டாவது வெட்டு என்று மூன்று உறுப்புகள் கூடி ஆக்கும் இந்தப் பொருளின் ஆயுள் குருதியில் ஒரு நிமிடம்கூட இல்லை. உண்டான கையோடு வேறு நொதியங்கள் அதைச் சிதைத்துவிடும். ஆகவே நிலைமை மாறினால் சுருக்கமும் சீக்கிரம் தளரும்.

இப்போது அதன் வேலைகள். சிறு நாடிகளின் சுவரில் வட்டமாக ஓடும் மழமழப்பான தசைகளில் அது ஒட்டியதும் தசை இறுகும், குழாய் ஒடுங்கும். ஒரு குழாயின் ஆரை 10 சதவீதம் மட்டும் குறைந்தாலும் அதற்குள் ஓடும் குருதிக்கு ஏற்படும் தடை ஏறத்தாழ 50 சதவீதம் கூடிவிடும், ஏனென்றால் தடை ஆரையின் நான்காம் அடுக்குக்கு நேர்மாறாக மாறுகிறது. அதனால்தான் இவ்வளவு சிறிய அளவு ஓமோனால் முழு உடம்பின் குருதி அமுக்கத்தையும் தூக்கிப் பிடிக்க முடிகிறது. வேர்த்துக் களைத்தவர் மயங்கி விழாமல் நிற்கிறார் என்றால் இதற்கு அதில் பெரிய பங்கு உண்டு.

குழாயை இறுக்குவதோடு அது நிற்பதில்லை. சிறுநீரகங்களின் மேல் இருக்கும் அதிரீனல் சுரப்பிகளிடம் போய் அல்டோஸ்டிரோனைச் சுரக்கச் செய்கிறது. அல்டோஸ்டிரோன் சிறுநீரோடு போகவிருந்த சோடியத்தைத் திருப்பி எடுத்து, பொட்டாசியத்தை வெளியே விடும். சிறுநீரகத்தின் குழாய்களில் அஞ்சியோடென்சின் நேரடியாகவும் உப்பை மீட்கிறது. மூளையின் அடியில் உள்ள கபச்சுரப்பியிலிருந்து நீரைச் சேமிக்கும் ஓமோனையும் வரவழைக்கிறது. அதனால்தான் வெயில் நாளில் சலம் குறைந்து, கடும் மஞ்சளாகப் போகிறது.

தாகமும் இதோடு சேர்ந்தது. மூளைக்குள் சில இடங்களில் குருதிக்கும் மூளைக் கலங்களுக்கும் இடையிலான தடுப்பு இறுக்கமாக இருப்பதில்லை. அஞ்சியோடென்சின் அந்த இடங்களில் புகுந்து தாகத்தை எழுப்புகிறது. 1970இல் எப்ஸ்டைன், ஃபிட்ஸ்சைமன்ஸ், ரோல்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள், போதிய தண்ணீர் குடித்திருந்த எலிகளின் மூளைக்குள் இதைச் சிறிதளவு செலுத்தினார்கள். எலிகள் உடனே தண்ணீரைத் தேடிக் குடித்தன. உப்பு மேல் வரும் ஆசையிலும் இதற்குப் பங்கு இருக்கிறது. வெயிலுக்குள்ளிருந்து வந்தவருக்கு உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணியோ மோரோ அமிர்தம் போல இருப்பது வெறும் நாக்கு ருசி இல்லை, உடம்பே கேட்கும் கேள்வி அது.

குருதி இழந்தாலும் இதே ஏற்பாடுதான் ஓடி வருகிறது, இன்னும் வேகமாக. 2009இன் முதல் மாதங்களில் புதுமாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் காயப்பட்டுக் கிடந்தவர்களை இங்கே நினைக்காமல் கடந்துபோக என்னால் முடியவில்லை. மருந்துக்கும் குருதிக்கும் தட்டுப்பாடாக இருந்த அந்த இடங்களில், கை கால் போய்க் கிடந்த ஒருவரை அடுத்த சிகிச்சை வரும்வரை தாங்கியது அவருடைய சொந்த உடம்பு அள்ளிச் சுரந்த அட்ரினலினும் அஞ்சியோடென்சினும்தான். அரிசியும் தண்ணீரும் உப்பும் சேர்த்து அங்கே காய்ச்சிக் குடித்த கஞ்சியில் இருந்தவையும், குருதியின் அளவு விழுந்த ஒரு உடம்பு முதலில் தேடுபவைதான். இதே ஓமோனைச் செயற்கையாகத் தயாரித்து, கிருமித் தொற்றால் அமுக்கம் விழுந்து வேறு மருந்துகளுக்கு எழும்பாதவர்களுக்கு நாளத்தின் வழியே ஏற்றும் சிகிச்சைக்கு 2017 மார்கழியில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

முயல், நாய், பிறகு ஒரு பாம்பு

இதைக் கண்டுபிடித்த கதை 1898இல் ஸ்டொக்ஹோமில் தொடங்குகிறது. ராபர்ட் டிகர்ஸ்டெட் என்பவரும் பெர் பெர்க்மன் என்ற அவருடைய மாணவரும் முயலின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த சாற்றை வேறு முயல்களுக்கு ஏற்றிப் பார்த்தார்கள். குருதி அமுக்கம் எழும்பியது. சாற்றில் இருந்த பொருளுக்கு ரெனின் என்று பெயர் வைத்தார்கள். அதற்குப் பிறகு முப்பது வருடத்துக்கு மேலாக அதை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1934இல் அமெரிக்காவின் கிளீவ்லண்டில் ஹரி கோல்ட்பிளாட், நாய்களின் சிறுநீரக நாடியைச் சிறு கவ்வியால் இறுக்கி, அவற்றுக்கு நிரந்தரமான பிறசரை உண்டாக்கிக் காட்டினார். சிறுநீரகத்துக்குக் குருதி குறைந்தால் அது எதையோ அனுப்பி முழு உடம்பின் அமுக்கத்தையும் ஏற்றுகிறது என்பது அப்போது உறுதியானது. அந்த "எதையோ" 1939, 40 அளவில் புவெனஸ் அயர்ஸில் பிரவுன் மெனெண்டெஸ் குழுவுக்கும், அமெரிக்காவில் இர்வின் பேஜ் குழுவுக்கும் ஒருவரை ஒருவர் அறியாமல் அகப்பட்டது. அதில் இரண்டு வடிவங்கள் உண்டு, நடுவில் ஒரு நொதியம் வெட்டுகிறது என்பதை 1950களில் லெனர்ட் ஸ்கெக்ஸும் கூட்டாளிகளும் கண்டார்கள்.

பாம்புக் கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. வன்னியில் புடையன் கடித்தவரை எல்லோரும் ஏதோ ஒரு காலத்தில் கண்டிருப்போம். பாம்பு விஷம் குருதியை, சிறுநீரகத்தை என்ன பாடு படுத்தும் என்று நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. பிரேசிலில் ஜராராகா என்று ஒரு விரியன் இனம் உண்டு. அதன் விஷத்தில், குழாய்களை விரிக்கும் பிராடிகைனின் என்ற பொருளின் வேலையை வலுப்படுத்தும் சில பெப்டைட்டுகள் இருப்பதை சேர்ஜியோ ஃபெரெய்ரா என்ற பிரேசில்காரர் 1965இல் வெளியிட்டார். அந்தச் சாற்றை அவர் லண்டனில் ஜோன் வேன் என்பவருடைய ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனார். அங்கே சோதித்தபோது, அஞ்சியோடென்சின் 1ஐ 2ஆக மாற்றும் அந்த நுரையீரல் நொதியத்தை விஷத்தின் பெப்டைட்டுகள் முடக்குவது தெரியவந்தது. பிராடிகைனினைச் சிதைப்பதும் அதே நொதியம்தான். ஆக, பாம்பு ஒரே கடியில் சுருக்கும் பொருளை இல்லாமல் செய்து, விரிக்கும் பொருளைக் கூட்டிவிடுகிறது. கடிபட்ட இரையின் அமுக்கம் விழுந்துவிடும்.

விஷத்திலிருந்து பிரித்த பெப்டைட்டை ஊசியாகத்தான் போட முடிந்தது, வயிற்றுக்குள் போனால் செமித்துவிடும். அமெரிக்காவில் ஸ்குவிப் நிறுவனத்தில் வேலை செய்த மிகுவேல் ஒண்டெட்டியும் டேவிட் குஷ்மனும் அது நொதியத்தில் எப்படிப் பொருந்துகிறது என்று யோசித்து, வாயால் விழுங்கக்கூடிய ஒரு சிறு மூலக்கூறை வடிவமைத்தார்கள். அது கப்டோப்பிரில். 1981இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எனலாப்பிரில் அதன் தம்பி. லொசார்டன் 1995இல் வந்தது, அது நொதியத்தைத் தொடாமல் வேறு இடத்தில் தடுக்கிறது. எனலாப்பிரில் எடுக்கும் சிலருக்கு விடாத வரட்டு இருமல் வருவதும், அவர்களுக்கு டொக்டர் லொசார்டனுக்கு மாற்றிக் கொடுப்பதும் இந்த வித்தியாசத்தால்தான். பிராடிகைனின் சிதையாமல் தேங்குவதே அந்த இருமலுக்கு முக்கிய காரணம். இருமலுக்குப் பாணியாக வாங்கிக் குடித்துக்கொண்டு மாதக்கணக்கில் அலையாமல், கிளினிக்கில் சொன்னாலே போதும். அதே குளிசையால் உதடும் நாக்கும் வீங்கினால் மட்டும் காத்திருக்கவே கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

உப்பு நிறைய இருக்கும்போதும் அடங்காத ஓமோன்

உப்புக் கிடைப்பது அரிதாக இருந்த உலகத்துக்காக அமைந்த ஏற்பாடு இது. அமேசன் காட்டில் வாழும் யானோமாமி மக்கள் சாப்பாட்டில் உப்பே சேர்ப்பதில்லை. அவர்களிடம் ரெனினும் அல்டோஸ்டிரோனும் மிக உயர்ந்த அளவில் இருக்கின்றன, குருதி அமுக்கமோ குறைவு, வயது போகப்போக ஏறுவதும் இல்லை. நம்முடைய நிலைமை நேரெதிர். முல்லைத்தீவுக் கரையிலிருந்து வரும் கருவாடு, ஊறுகாய், கடையில் வாங்கும் மிக்சர், உப்புத் தூக்கலான சம்பல் என்று உப்புக்குக் குறைவில்லை. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே வைத்திருக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம், ஒரு தேக்கரண்டிதான் அது. அவ்வளவு உப்பு உள்ளே போகும்போது ரெனின் அடங்கிப் போக வேண்டும். பிறசர் உள்ள பலருக்கு அது அடங்க வேண்டிய அளவுக்கு அடங்குவதில்லை.

வருடக்கணக்கில் அஞ்சியோடென்சின் தேவையில்லாமல் வேலை செய்தால், அமுக்கம் ஏறுவதோடு நிற்காது. இதயத்தின் தசை தடிக்கும், குழாய்ச் சுவர் இறுகும், சிறுநீரகத்தில் தழும்பு விழும். அதனால்தான் இந்தக் குளிசைகளுக்கு மற்றப் பிறசர் குளிசைகளுக்கு இல்லாத ஒரு மதிப்பு உண்டு. நீரிழிவால் சலத்தில் புரதம் போகத் தொடங்கியவர்களுக்குச் சிறுநீரகம் மோசமாகப் பழுதாகும் ஆபத்தைக் கப்டோப்பிரில் ஏறத்தாழ பாதியாகக் குறைத்தது என்று 1993இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. 2001இல் லொசார்டனும் பெரியவர்களுக்கு வரும் நீரிழிவில் அதே திசையில் பலன் கொடுத்தது. "எனக்குப் பிறசர் பெரிசா இல்லையே, பிறகு ஏன் டொக்டர் இதைத் தந்தவர்?" என்று கேட்கும் நீரிழிவுக்காரர்களுக்கு இதுதான் பதில். கோவிட் வந்த 2020இல், அந்தக் கிருமி ஒட்டும் புரதம் அஞ்சியோடென்சினைச் சிதைக்கும் புரதமாகவும் இருந்ததால், இந்தக் குளிசைகளை நிறுத்த வேண்டுமோ என்று உலகம் முழுக்கப் பயம் எழுந்தது. ஆய்வுகள் நிறுத்தத் தேவையில்லை என்றே காட்டின.

வரத்தும் துருசும்

இனி இந்தக் கட்டுரையில் எனக்கு முக்கியமான பகுதிக்கு வருகிறேன். சிறுநீரகத்துக்குள் கலன்கோளம் என்று சொல்லப்படும் நுண்ணிய வடிகட்டிகள் இலட்சக்கணக்கில் இருக்கின்றன. இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து நாளொன்றுக்கு 180 லீற்றர் அளவு வடிகட்டுகின்றன, அதில் கிட்டத்தட்ட முழுவதும் திருப்பி எடுக்கப்பட்டு ஒன்றரை, இரண்டு லீற்றர்தான் சலமாக வெளியேறுகிறது. வடிகட்ட அமுக்கம் வேண்டும். ஒவ்வொரு கலன்கோளத்துக்கும் உள்ளே வரும் நாடி ஒன்று, வெளியே போகும் நாடி ஒன்று.

இதை இரணைமடு போன்ற ஒரு குளமாக எடுத்துக்கொள்வோம். உள்ளே வரும் நாடி வரத்து வாய்க்கால். வெளியே போகும் நாடி துருசு, அதாவது குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடும் கதவு. வரத்து குறைந்த காலத்தில் துருசைக் கொஞ்சம் இறக்கினால் குளத்து மட்டம் நிற்கும். அஞ்சியோடென்சின் செய்வது அதைத்தான். அது வெளியே போகும் நாடியைக் கூடுதலாக இறுக்குகிறது, அதனால் குருதி குறைந்த நேரத்திலும் வடிகட்டிக்குள் அமுக்கம் விழுந்துபோகாமல் இருக்கிறது. அதே நேரம் வரத்து வாய்க்கால் ஒடுங்காமல் விரிந்திருக்கும்படி புரொஸ்டாகிளான்டின் என்ற வேறு பொருட்கள் பார்த்துக்கொள்கின்றன.

சாதாரண நாளில், குளம் நிரம்பி அமுக்கம் தேவைக்கு மேலே இருக்கும் நீரிழிவுக்காரருக்கு லொசார்டன் துருசைத் திறந்துவிடுகிறது. வடிகட்டியின் மேல் உள்ள சுமை இறங்குகிறது, சலத்தில் புரதம் போவது குறைகிறது. அதுதான் அதன் நன்மை. குளிசை தொடங்கியதும் குருதியில் கிரியட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் ஒரு கழிவு) கொஞ்சம் ஏறுவதும் அதனால்தான். 30 சதவீதம் வரை ஏறினால் டொக்டர்மார் பெரும்பாலும் குளிசையைத் தொடரவே சொல்வார்கள். தொடங்கி ஒன்று, இரண்டு கிழமைக்குள் கிரியட்டினினையும் பொட்டாசியத்தையும் சோதிக்கச் சொல்வது இதைப் பார்ப்பதற்கு.

ஆனால் ஒருவருக்கு வயிற்றோட்டமோ சத்தியோ மூன்று நாள் காய்ச்சலோ வந்து, சாப்பாடும் தண்ணீரும் இறங்காமல் கிடக்கும்போது நிலைமை வேறு. வரத்து வற்றிவிட்டது. துருசை இறக்க வேண்டிய ஓமோனைக் குளிசை தடுத்து வைத்திருக்கிறது. அந்த நேரம் மேல் நோவுக்கு என்று டைக்ளோபெனக்கோ புரூபனோ போட்டால், அது புரொஸ்டாகிளான்டினைத் தடுத்து வரத்து வாய்க்காலையும் ஒடுக்கிவிடும். சலம் கூடப் போவதற்கான குளிசையும் சேர்ந்திருந்தால் மிச்சத் தண்ணீரும் இறங்கும். மூன்றும் ஒன்றாக நடக்கும் நாளில் வடிகட்டிக்குள் அமுக்கமே இல்லாமல் போய், ஓரிரு நாளில் சிறுநீரகம் நின்றுவிடக்கூடும். மருத்துவர்கள் நன்றாக அறிந்த ஆபத்து இது. கிராமத்துக்குள் இந்தச் செய்தி இன்னும் போதிய அளவு போய்ச் சேரவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

நோவுக் குளிசைகளைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்பவருக்கு நாரி நோவு வராமல் இருக்காது. கடையில் துண்டு இல்லாமல் டைக்ளோபெனக் வாங்கிப் போட்டுவிட்டு அடுத்த நாளும் வேலைக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். நாட்கூலியில் சீவிக்கும் ஒருவருக்கு ஓய்வெடு என்று சொல்வது சுலபம், எடுப்பது கஷ்டம். ஆனாலும் லொசார்டனோ எனலாப்பிரிலோ எடுப்பவர் அந்த வகைக் குளிசைகளைத் தாமாக வாங்கிப் போடக் கூடாது. நோவுக்குப் பனடோல் சொன்ன அளவில் எடுக்கலாம். எலிக்காய்ச்சலும் டெங்குவும் மழைக்காலத்தில் வரும், இரண்டிலும் முதலில் காய்ச்சலும் உடம்பு உளைவும்தான். அந்த உளைவுக்கு டைக்ளோபெனக் போடுவது டெங்குவில் குருதிப்போக்கையும், எலிக்காய்ச்சலில் ஏற்கெனவே தாக்கப்படும் சிறுநீரகத்தின் பழுதையும் கூட்டும்.

பொட்டாசியத்தையும் மறக்கக் கூடாது. அல்டோஸ்டிரோன் குறையும்போது பொட்டாசியம் வெளியே போவதும் குறைகிறது. சிறுநீரகம் நல்லாக இருப்பவருக்கு அது பெரும்பாலும் பிரச்சினை இல்லை. சிறுநீரகம் பாதி பழுதானவர் இந்தக் குளிசையும் எடுத்துக்கொண்டு, வெயிலுக்கு நல்லது என்று தினமும் இரண்டு, மூன்று இளநீர் குடித்தால் பொட்டாசியம் எல்லை தாண்டி, இதயத் துடிப்பையே குழப்பலாம். இளநீரைப் பற்றிக் கெட்டதாகச் சொல்ல மனம் வரவில்லை, மற்றவர்களுக்கு அதைப்போல நல்ல பானம் கிடையாது. ஆனால் சிறுநீரகக் கிளினிக் போகிறவர்கள் அளவு கேட்டுக் குடிப்பதுதான் பாதுகாப்பு.

கருவுற்ற பெண்களுக்கு இந்தக் குளிசைகள் ஆகாது. வயிற்றில் இருக்கும் பிள்ளையின் சிறுநீரகம் வளர்வதற்கே அஞ்சியோடென்சின் வேண்டும். பிறசர் உள்ள பெண் பிள்ளை பெற நினைக்கும்போதே சொன்னால் மெத்தில்டோபா, நிபெடிபின் போன்றவற்றுக்கு மாற்றிக் கொடுப்பார்கள்.

வவுனியாப் பக்கத்துச் சிறுநீரக நோய்

வெயில், தண்ணீர், சிறுநீரகம் என்று பேசிவிட்டு, மதவாச்சி, பதவியா தொடங்கி வவுனியா மாவட்டத்துக்குள்ளும் பரவி நிற்கும் அந்த நோயைச் சொல்லாமல் விட முடியாது. 1990களில் வடமத்திய மாகாணத்தில் கவனத்துக்கு வந்தது. நீரிழிவும் இல்லை, பிறசரும் இல்லை, ஆனாலும் சிறுநீரகம் படிப்படியாகச் செத்துப்போகிறது. பாதிக்கப்படுபவர்களில் அதிகம் பேர் வயலில் வேலை செய்யும் ஆண்கள். காரணம் இன்னும் முடிவாகவில்லை. கிணற்று நீரின் புளோரைட்டும் கடினத்தன்மையும், வயலுக்கு அடிக்கும் நஞ்சுகள், திரும்பத் திரும்ப நடக்கும் நீரிழப்பு என்று பல சந்தேகங்கள் ஆராயப்படுகின்றன. மத்திய அமெரிக்காவில் கரும்பு வெட்டுபவர்களுக்கும் இதே போன்ற நோய் வருவதால், வெயிலில் வேலை செய்யும்போது ஏற்படும் நீரிழப்பின் மேல் பலருடைய கண் விழுந்திருக்கிறது. ஒவ்வொரு நாளும் மணித்தியாலக் கணக்காக ரெனினும் அஞ்சியோடென்சினும் உயர்ந்து, சிறுநீரகத்துக்குப் போகும் குருதி குறைந்துகொண்டே இருந்தால் வருடக்கணக்கில் அது பழுதை உண்டாக்கலாம் என்பது அந்தக் கருத்தின் ஒரு பகுதி.

ஒன்றை மட்டும் இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அஞ்சியோடென்சினும் அல்டோஸ்டிரோனும் தாகமும் தண்ணீரும் உப்பும் குறையும் நேரத்தில் உடம்பைத் தாங்குவதற்கு அமைந்தவை. கடும் வெயிலில் விடாமல் எட்டு மணித்தியாலம் வேலை வாங்கி, குடிக்க நல்ல தண்ணீரும் நிழலும் கொடுக்காமல் விடும் வேலைத்தலங்களுக்கு அவை ஈடு கொடுக்கும் என்று நினைப்பது அநியாயம். கூலிக்கு ஆள் பிடிப்பவர்கள் தண்ணீர்க் கானையும் மத்தியான ஓய்வையும் கூலியின் ஒரு பகுதியாகவே கணக்கெடுக்க வேண்டும்.

குளிசையை எப்போது நிறுத்தி வைப்பது

வெறுமனே வேர்க்கிறது, வெயில் கூட என்பதற்காக யாரும் பிறசர் குளிசையை நிறுத்தக் கூடாது. அந்த நாட்களில் செய்ய வேண்டியது தாகம் எடுக்கும் முன்னாலேயே அடிக்கடி தண்ணீர் குடிப்பதும், உச்சி வெயிலில் வேலையைத் தவிர்ப்பதும்தான். சாப்பாட்டில் உள்ள உப்பு அனேகமானவர்களுக்குப் போதும், பிறசர் உள்ளவர் ஒவ்வொரு முறையும் உப்புக் கரைத்துக் குடிக்கத் தேவையில்லை.

நிறுத்துவது பற்றி யோசிக்க வேண்டியது சத்தி, வயிற்றோட்டம், குடிக்கவே முடியாத காய்ச்சல் வந்த நாளில். அப்படி ஒரு நாள் வந்தால் லொசார்டனை, எனலாப்பிரிலை, சலம் போகும் குளிசையை என்ன செய்வது என்று அடுத்த கிளினிக்கிலேயே கேட்டு, பதிலைக் கொப்பியில் எழுதுவித்து வையுங்கள். பெரும்பாலானவர்களுக்குத் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வார்கள், சாப்பாடும் தண்ணீரும் பழையபடி இறங்கி ஒரு நாள், இரண்டு நாள் ஆனதும் திரும்பத் தொடங்கச் சொல்வார்கள். நிறுத்தியதை மறந்து மாதக்கணக்கில் விட்டுவிடுவதும் ஆபத்துத்தான். அந்த நாட்களில் ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் உப்பும் சீனியும் சேர்ந்த தூள்) கரைத்துக் குடிக்கலாம். ஆறு மணித்தியாலத்துக்கு மேல் சலம் போகவில்லை என்றால், எழும்பினால் தலை சுற்றுகிறது என்றால் வீட்டில் வைத்துப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், கொப்பியையும் கையோடு கொண்டுபோக வேண்டும். இதயம் பலவீனமாகி அதற்காக இந்தக் குளிசை எடுப்பவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு. அவர்கள் தாமாக நிறுத்தவும் கூடாது, ஜீவனியைத் தாராளமாகக் குடிக்கவும் கூடாது, அன்றைக்கே டொக்டரிடம் போக வேண்டும்.